காற்றுப் புகாத கூரை

எங்கள் வீட்டில் அந்தக் காரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பேச்சு அந்தப் பக்கம் திரும்பினால் என் கணவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். எனக்கு அப்படி நழுவத் தெரியாது. மனதில் வைத்துப் புழுங்குவது என் உடம்புக்கு ஒத்துக்கொள்வதும் இல்லை. ஒரு குளிர்காலம் முழுக்க அந்தக் கார் எங்கள் ஒரே மகளைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொன்றுகொண்டிருந்தது, நாங்கள் பக்கத்திலேயே இருந்தோம், எங்களுக்குத் தெரியவில்லை. இதை யாராவது ஒருவர் சொல்லத்தான் வேண்டும். நானே சொல்லிவிடுகிறேன்.

கார் என்றால் கடையில் விற்கிற கார் இல்லை. வெள்ளைக்காரத் துரைமார் ஒரு காலத்தில் ஓட்டிய, இரண்டு பேர் மட்டும் உட்காரக்கூடிய திறந்த கார் ஒன்றின் நகல். நீண்ட மூக்கு, வெளியே பிதுங்கிய விளக்குகள், முதுகில் ஒரு ஸ்டெப்னி. பார்க்க ராஜா வீட்டு வண்டி. தகரத்தைத் தூக்கிப் பார்த்தால் அடியில் ஓய்வு பெற்ற ஒரு டாக்ஸியின் எலும்புக்கூடும் அதன் பெட்ரோல் என்ஜினும் இருக்கும். மாயாபுரிப் பக்கம் யாரோ ஒருவர் ஆசைப்பட்டுச் செய்யச் சொல்லி, பாதியில் ஆசை தீர்ந்து கைவிட்டதை இவர் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். மேலே கூரை கிடையாது.

இவருக்குக் கார் பைத்தியம் என்று சொல்ல முடியாது. எதையும் தானே செய்து பார்க்கிற பைத்தியம். பொதுத்துறை நிறுவனம் ஒன்றில் என்ஜினியர். ஆபீசில் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேலை இல்லை என்று அலுத்துக்கொள்வார், வீட்டுக்கு வந்து மிக்ஸியைப் பிரிப்பார். திரும்ப மாட்டும்போது ஒவ்வொரு தடவையும் ஒரு திருகு மிச்சமாகும். மிக்ஸி ஓடும், ஆனால் திருகு எங்கிருந்து வந்தது என்று யாருக்கும் தெரியாது. நான் அதையெல்லாம் ஒரு டப்பாவில் போட்டு வைத்திருந்தேன்.

அப்போது நாங்கள் துவாரகாவில் சொந்த ஃப்ளாட்டுக்குக் குடிபோன புதிது. மெட்ரோவுக்குத் தூண்கள் எழும்பிக்கொண்டிருந்தன. எங்கு பார்த்தாலும் புழுதி, பாதி கட்டிய கட்டடங்கள், தண்ணீர் லாரிக்காகக் காத்திருக்கும் பிளாஸ்டிக் குடங்கள். சொசைட்டிக் கட்டடத்தின் கீழே தூண்களுக்கு நடுவே வண்டி நிறுத்தும் இடம்தான் இவருடைய பட்டறை ஆனது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழே இறங்கினால் சாப்பாட்டுக்குக் கூப்பிடுகிற வரை மேலே வர மாட்டார்.

மகள் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்தாள். முன்பு கோல் மார்க்கெட் பக்கம் அரசுக் குடியிருப்பில் இருந்தபோது மந்திர் மார்க்கில் இருந்த தமிழ்ப் பள்ளியில் சேர்த்திருந்தோம். கடைசி வருஷத்தில் பள்ளியை மாற்ற அவளும் ஒத்துக்கொள்ளவில்லை, நாங்களும் துணியவில்லை. துவாரகாவிலிருந்து பஸ்ஸில் போனால் பாதிப் பொழுது வழியிலேயே போய்விடும். இவருடைய ஆபீசும் அந்தப் பக்கம்தான். ஆகவே அப்பாவும் மகளும் ஒன்றாகக் கிளம்பினார்கள். அக்டோபரில் திறந்த காரில் தலைமுடி பறக்க அவள் போவதைப் பால்கனியிலிருந்து பார்ப்பேன். சிநேகிதிகள் எல்லாரும் கேட் பக்கம் வந்து நின்று பார்ப்பார்களாம். "ஹீரோயின் மாதிரி இறங்குறேம்மா, யார்" என்று சிநேகிதியிடம் பேசுவதுபோல் ஹிந்தி கலந்து சொல்வாள். பிறகு நவம்பர் வந்தது.

குளிர் விஷயத்தில் எங்கள் ஊர்க்காரர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தில்லியில் எத்தனை வருஷம் குப்பை கொட்டினாலும், குளிர் காது வழியாகத்தான் உடம்புக்குள் ஏறும் என்ற நம்பிக்கை எங்களை விட்டுப் போகாது. இவர் திருநெல்வேலி, நான் மாயவரம். மற்ற எல்லாவற்றிலும் எங்களுக்குள் சண்டை உண்டு, இதில் மட்டும் கிடையாது. தீபாவளி முடிந்த கையோடு ஜன்னல் இடுக்குகளில் செய்தித்தாளைச் சுருட்டிச் செருகிவிடுவோம். கதவுக்கு அடியில் பழைய போர்வை. தலையில் குரங்குத் தொப்பி. எதிர்வீட்டுப் பஞ்சாபிக் குடும்பம் ஜனவரியில் பால்கனிக் கதவை விரியத் திறந்துபோட்டு வேர்க்கடலை உரிக்கும், எங்களைப் பார்த்துச் சிரிக்கும். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தோம்.

ஒவ்வொரு குளிர்காலத்திலும் பேப்பரில் ஒரு செய்தி வரும். இங்கே ஏழைபாழைகள் குளிர் தாங்காமல் அங்கீட்டி என்கிற கரி அடுப்பை அறைக்குள் வைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு படுப்பார்கள். காலையில் எழுந்திருக்க மாட்டார்கள். இவர் காப்பி குடித்துக்கொண்டே அதை எனக்கு வாசித்துக் காட்டுவார். "ஏட்டி, இங்க பாரு. கதவ இறுக்கிச் சாத்திட்டு அடுப்ப உள்ள வச்சிருக்காவ. கொஞ்சமாச்சும் கூறு வேண்டாமா?" என்பார். நானும் உச்சுக்கொட்டுவேன்.

காருக்குக் கூரை போட வேண்டும், அதுவும் டிசம்பர் பிறப்பதற்குள் என்று முடிவானது. தகரக் கூரை போட்டால் அந்தக் காரின் அழகு போய்விடும். வேண்டும்போது இழுத்து மூடி, வேண்டாதபோது மடித்துப் பின்னால் போடுகிற துணிக்கூரைதான் அதற்குப் பொருத்தம். அதை எப்படிச் செய்வது என்று சொல்லித்தர ஆள் கிடையாது. இவர் பக்கத்தில் பாலம் என்கிற பேட்டையில் சைக்கிள் ரிக்ஷாக்கள் நிற்கிற இடத்துக்குப் போய், ரிக்ஷாவின் மடிப்புக் கூரையைத் திறந்து மூடி, மூடித் திறந்து பார்த்துக்கொண்டு நின்றார். ரிக்ஷாக்காரர்கள் இவரைக் கிறுக்கு என்று நினைத்திருப்பார்கள். நினைத்ததில் தப்பில்லை. திரும்பி வந்து இரும்புக் குழாய்களை வில்லாக வளைத்தார். வில்கள் முன்பின் நகராமல் இருக்க அவற்றின் மேல் கட்டிலுக்குப் பின்னுகிற நவார் பட்டையை இழுத்துக் கட்டினார். இழுத்தால் நிமிர்ந்தது, தள்ளினால் மடிந்து இருக்கைக்குப் பின்னால் படுத்துக்கொண்டது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தார்.

துணி வேலைக்கு நான் வந்தேன். சொசைட்டிப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக்கொடுக்கிறவள் நான், என் மெஷின் சும்மா இருந்ததில்லை. முதலில் என் பழைய வாயில் புடவையைக் குழாய்களின் மேல் விரித்து, குண்டூசி குத்தி, சாக்கட்டியால் கோடு போட்டு அளவு எடுத்தோம். கார் கூரையும் ரவிக்கை மாதிரிதான், தோளில் சரியாக உட்கார்ந்தால் மற்றதெல்லாம் தானாக உட்காரும் என்று நான் சொன்னேன். இவர் அதை ஒத்துக்கொள்ளாமல் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் நான் சொன்ன இடத்திலேயே வெட்டினார். கரோல்பாகில் போய் உள்பக்கம் ரப்பர் பூசிய கறுப்புக் கான்வாஸ் வாங்கி வந்தோம். வீட்டு மெஷினில் ஓடக்கூடிய தையல்களை நான் போட்டேன். மடிப்பு தடித்துப் போன இடங்களில் ஊசி உடைந்துகொண்டே இருந்ததால், அதையெல்லாம் மறுபடி கரோல்பாகுக்குத் தூக்கிப்போய் சீட் கவர் தைக்கிற கடையில் கொடுத்து இரட்டைத் தையல் போட்டு வாங்கினோம்.

சொல்லப்போனால் அந்த நாட்களில் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். கல்யாணமான புதிதில்கூட நாங்கள் இரண்டு பேரும் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டதில்லை. ஹாலில் கான்வாஸை விரித்துப்போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து சாப்பிடுவோம். மகள் பாடப் புத்தகத்தோடு அதன் ஒரு ஓரத்தில் படுத்துக்கொண்டு, "இது காரா, ஷாமியானாவா?" என்று கேலி செய்வாள்.

தைத்து மாட்டியதும் எங்கள் ஊர் புத்தி வேலை செய்ய ஆரம்பித்தது. எங்கே காற்று நுழையும், எங்கே நுழையும் என்று தேடித் தேடி அடைத்தோம். அசலான அந்தக் காலத்துக் கார்களில் கூரை இருந்தாலும் நாலு பக்கமும் காற்று வந்துபோகுமாம். வெள்ளைக்காரர்கள் கோட்டை மாட்டிக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்கள். நாங்கள் விடுவோமா? கூரை முன் கண்ணாடியோடு சேரும் இடத்தில் இவர் பழைய ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து உரித்த ரப்பரை வைத்தார். பக்கத்துக்கு ஒன்றாகத் தடித்த பிளாஸ்டிக் திரைகள், சுற்றிலும் நெருக்கமாகப் பிரஸ் பட்டன். காலடியில் இருந்த ஓட்டைகளுக்கு மேல் தரைவிரிப்பு. ஓட்டுகிறவர் கையை வெளியே நீட்டிச் சைகை காட்ட இவர் பக்கத்துத் திரையில் மட்டும் ஒரு சின்ன மடல். அதற்கும் மூடி போட்டிருந்தேன்.

பரீட்சை வைக்காமல் இவர் எதையும் விட மாட்டார். என்னை உள்ளே உட்காரவைத்து மேலே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார். ஒரு சொட்டு இறங்கவில்லை. பிறகு அவரும் உள்ளே வந்து உட்கார்ந்து எல்லாப் பட்டனையும் போட்டுவிட்டு, சாமி அலமாரியிலிருந்து எடுத்து வந்த ஊதுபத்தி ஒன்றைப் பற்றவைத்தார். எங்கேயாவது இடுக்கு இருந்தால் புகை அந்தப் பக்கம் சாயும் என்பது கணக்கு. புகை எந்தப் பக்கமும் சாயவில்லை. நேராக எழும்பிக் கூரையில் முட்டி அங்கேயே தங்கியது. "பாத்தியா ட்டி, ஒரு அசைவு கெடையாது" என்றார். வெளியே சொசைட்டி ஆட்கள் சூழ்ந்து நின்று கை தட்டினார்கள். உள்ளே எனக்கு இருமல் வந்தது.

என்ன நடந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒளித்துவைத்து வேடிக்கை காட்டுகிற விஷயம் இல்லை இது. பனி நாட்களில் இவர்கள் இரண்டு பேர் மூச்சுப் பட்டுப் பின்பக்கத்துப் பிளாஸ்டிக் ஜன்னல் வெளுத்துவிடும், பின்னால் வருகிற வண்டி தெரியாது. ஆகவே இவர் அந்த ஜன்னலில் வைத்திருந்த ஜிப்பைக் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டுக்கொள்வார். காரின் புகைக்குழாய் அந்த ஜன்னலுக்கு நேர் கீழே, இடது பக்கமாக முடிந்தது. இடது பக்கம்தான் மகள் உட்காருகிற பக்கம். கார் ஓடும்போது பின்னால் கிளம்புகிற புகை அந்த ஜிப் வழியாக உள்ளே இழுக்கப்பட்டது. உள்ளே வந்த புகைக்கு வெளியே போக நாங்கள் ஒரு வழி விடவில்லை. இவராவது சைகை மடலை அடிக்கடி திறந்தார், அந்தக் காற்று இவர் முகத்துக்குக் கிடைத்தது. அவளுக்கு அதுவும் இல்லை.

முதலில் தலைவலி என்றாள். சாயங்காலம் பஸ்ஸில் வீட்டுக்கு வருகிறபோது சரியாகிவிடும், மறுநாள் காலையில் மறுபடி வரும். பிறகு பள்ளிக்குப் போனதும் வாந்தி. பிறகு தூக்கம். ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தோம். எதிர்வீட்டு அம்மாள், தில்லிக் காற்றே விஷம், என் பையனுக்கும் இப்படித்தான் என்றாள். டாக்டர் கண்ணிமையை இழுத்துப் பார்த்துவிட்டு இரும்புச்சத்து டானிக் எழுதிக்கொடுத்தார். மாயவரத்திலிருந்து என் அக்கா போனில், "கண்ணு பட்டிருக்குடி. ஊரே பாக்க அப்படி ஒரு கார்ல அனுப்புனா? சுத்திப் போடு" என்றாள். சுற்றிப் போட்டேன். நெருப்பில் போட்ட மிளகாய் கமறவே இல்லை. கமறாவிட்டால் திருஷ்டி பலம் என்று அர்த்தம், ஆகவே எனக்குச் சந்தேகமே இல்லாமல் போயிற்று.

புகை நாற்றம்கூடவா தெரியவில்லை என்று பின்னால் எல்லாரும் கேட்டார்கள். ஜனவரியில் தில்லியில் புகை நாற்றம் இல்லாத இடம் ஒன்றைக் காட்டுங்கள். டாக்ஸி என்ஜின் வைத்த பழைய வண்டி, பெட்ரோல் வாடை அடிக்கத்தான் செய்யும் என்று இருந்தோம். ஆளைக் கொல்கிற சமாசாரத்துக்கு வாடையே கிடையாது என்று ஆஸ்பத்திரி டாக்டர் பிறகு சொன்னார்.

இவருக்கும் தலைவலி இருந்தது. கண்ணாடிப் பவர் மாறியிருக்கும் என்று சொல்லி நெற்றியில் தைலத்தைத் தடவிக்கொள்வார். ஆபீசிலிருந்து வந்ததும் எரிந்து விழுவார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. இந்த மனிதர் சண்டை போடுகிறவர்தான், எரிந்து விழுகிறவர் இல்லை.

குளிர் அதிகமாகிப் பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். விடுமுறை முழுக்க அவளுக்கு ஒன்றும் இல்லை. தட்டு நிறையப் பராத்தா சாப்பிட்டாள், எதிர்வீட்டுப் பெண்ணோடு மொட்டை மாடியில் வெயில் காய்ந்தாள், உரக்கச் சிரித்தாள். பள்ளி திறந்த அன்று, பஸ்ஸில் வந்தும் தெளியாமல், மறுபடி தலையைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். இவர் தீர்ப்புச் சொல்லிவிட்டார். "பாத்தியா? லீவுன்னா நல்லாருக்கா. ஸ்கூல்னா தலவலி வருது. எல்லாம் பரீட்ச பயம், நடிப்பு."

"நடிக்கலப்பா, சச்சீ, நிஜமா" என்றாள் அவள். அழவில்லை. அழுகிற தெம்புகூட அவளிடம் இல்லாததுபோல் எனக்குப் பட்டது.

அன்றிலிருந்து காரில் அவளைத் தூங்கவிடாமல் இருக்க இவர் ஒரு வழி கண்டுபிடித்தார். வழிநெடுகக் கேள்வி கேட்பது. கெமிஸ்ட்ரி, கணக்கு, எது வாய்க்கு வந்ததோ அது. விஷயம் இவருக்குப் பரிச்சயம்தான், ஆனால் இவரிடம் பாடம் படிப்பது பெரிய தண்டனை. தப்பான விடையை இவர் விட்டுக்கொடுத்ததே கிடையாது. சரியான விடை வருகிற வரை அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பார். ஐந்து வயதில் அவளை வாய்ப்பாடு சொல்ல வைத்தபோதும் அப்படித்தான். அவள் பதில் சொல்லச் சொல்லக் குரல் இழுத்துக்கொண்டே போய் நின்றுவிடுமாம். "திமிரு" என்றார் என்னிடம்.

ஒரு நாள் தலை பின்னிவிடும்போது அவள் தானாகச் சொன்னாள். "அம்மா, கார்ல உக்காந்தா முதல்ல தலை வலிக்குது. அப்புறம் வலியே இல்ல. மத்லப், அதாவது, யாரோ தூக்கிட்டுப் போற மாதிரி ஒரு சுகமா இருக்கு. இறங்கவே தோணல." எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்று தெரியவில்லை. சாமிக்கு ஒரு ரூபாய் முடிந்துவைத்தேன்.

பள்ளியிலிருந்து போன் வந்தது. முதல் பீரியட் முழுக்கத் தூங்குகிறாள், எழுப்பினால் எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழிக்கிறாள், இரண்டு பேரும் வந்து பாருங்கள் என்று வகுப்பு டீச்சர் சொன்னார். மறுநாள் காலையில் மூன்று பேரும் கிளம்பினோம். நான் பஸ்ஸில் வருகிறேன் என்றேன். "எதுக்கு? மூணு பேரும் இதுலயே போயிரலாம். அவ பின்னால உக்காந்துக்கிடுவா" என்றார். இருக்கைகளுக்குப் பின்னால், கூரை மடிந்து படுக்கிற இடத்தில் ஒரு குறுகிய பலகை உண்டு. அவள் மெலிந்த உடம்புக்காரி, காலை மடக்கிக்கொண்டு அதில் ஏறி உட்கார்ந்தாள். பின் ஜன்னல் அவள் தோளை ஒட்டி இருந்தது. நான் இடது இருக்கையில் உட்கார்ந்தேன். இவர் எல்லாப் பட்டனையும் வழக்கம்போல் முன்னாலிருந்து பின்னால் வரிசையாகப் போட்டார், ஜிப்பை இறக்கிவிட்டார், கிளம்பினோம்.

அன்று மூடுபனி அப்படி ஒரு மூடுபனி. பாலம் தாண்டியபோது முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது, லாரி தெரியவில்லை. ஊர்ந்து ஊர்ந்து தௌலா குவான் பக்கம் வந்ததும் எல்லாம் நின்றுவிட்டது. முன்னால் ஏதோ விபத்து என்றார்கள். யாரும் என்ஜினை அணைக்கவில்லை. அணைத்தால் குளிரில் மறுபடி கிளம்பாது என்று இவரும் அணைக்கவில்லை. ஒரு காற்று இல்லை. பனி கூரையின் மேல் அழுத்திக்கொண்டு நின்றது.

இவர் கேள்வி கேட்டுக்கொண்டு வந்தார். பின்னாலிருந்து முதலில் பதில் வந்தது. பிறகு "ம்" என்று வந்தது. பிறகு அதுவும் இல்லை. "ஏ பிள்ள, தூங்குதியா?" என்றார். சத்தம் இல்லை. "இதுக்குத்தான் ஸ்கூல்ல கூப்பிட்டிருக்காவ. நீயே பாத்துக்கோ" என்று என்னிடம் சொன்னார். நான் ஏதோ பதில் சொல்ல நினைத்தேன். வாய் வரவில்லை. நெற்றிப் பொட்டில் அடித்துக்கொண்டிருந்தது, கண்ணை மூடினால் நன்றாக இருந்தது. சண்டைக்கு நிற்க வேண்டிய இடத்தில் நான் சும்மா இருந்தேன் என்றால் என் நிலைமையை நீங்களே புரிந்துகொள்ளலாம்.

என்னைக் காப்பாற்றியது என் வயிறு. சின்ன வயதிலிருந்தே எனக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. குமட்டிக்கொண்டு வந்தது. காருக்குள் எடுத்துவிடக் கூடாதே என்ற ஒரே நினைப்பில் பக்கத்துத் திரையைப் பிடித்து இழுத்தேன். பட்டன்கள் தெறித்துக்கொண்டு கழன்றன. தலையை வெளியே நீட்டி வாந்தி எடுத்தேன். குளிர்ந்த காற்று முகத்தில் அறைந்ததும் என்னவோ தெளிந்தது. வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டுப் பின்னால் கையை நீட்டினேன். தண்ணீர் வரவில்லை. கை துழாவி அவள் கையைத் தொட்டது. பிடித்து இழுத்தேன், விட்டதும் அது தொப்பென்று விழுந்தது.

"ஏங்க, இவ எந்திரிக்க மாட்டேங்குறா. ஏங்க!" என்று கத்தினேன். இவர் திரும்பிப் பார்த்தார். கன்னத்தில் தட்டினார், பெயர் சொல்லிக் கூப்பிட்டார். தலை ஒரு பக்கமாகச் சரிந்தது. பின்னால் இருக்கிறவளை வெளியே எடுக்க வேண்டுமென்றால் கூரையை மடக்க வேண்டும், கூரையை மடக்க வேண்டுமென்றால் பட்டன்களைக் கழற்ற வேண்டும். இவர் இறங்கிச் சுற்றி வந்து கழற்ற ஆரம்பித்தார். எப்படித் தெரியுமா? முன்னாலிருந்து பின்னால், ஒவ்வொன்றாக, வரிசையாக. குளிரில் விரல் நிற்கவில்லை, பட்டன் வழுக்கியது, வழுக்கியதை விட்டு அடுத்ததுக்குப் போகாமல் அதையே திரும்பத் திரும்பப் பிடித்தார். "கிழிங்க! கிழிச்சுப் போடுங்க!" என்று அலறினேன். இரண்டு பேருமாகப் பிடித்து இழுத்தோம். கிழியவில்லை. இரட்டைத் தையல், ரப்பர் பூசிய கான்வாஸ். எங்கள் கையால் தைத்தது எங்கள் கைக்குக் கிழியவில்லை.

பக்கத்தில் நின்ற லாரியின் டிரைவர், ஒரு சர்தார்ஜி, கயிறு அறுக்கிற கத்தியோடு குதித்து வந்தார். எதுவும் கேட்கவில்லை. பின் ஜன்னலுக்கு மேலே குத்தி ஒரே இழுப்பாக இழுத்தார். மூன்று பேருமாக அவளைத் தூக்கித் தார் ரோட்டில் கிடத்தினோம். மூக்கின் கீழே விரலை வைத்தேன். மூச்சு இருக்கிறது என்றும் தோன்றியது, இல்லை என்றும் தோன்றியது. ஒரு தாய்க்கு அது தெரியாமல் போகுமா என்று கேட்காதீர்கள். பனியில் விரல் மரத்திருந்தது, தெரியவில்லை. பின்னால் நின்ற ஒரு ஜீப்காரர் ரோட்டோரத்து மண்ணில் ஏற்றி வண்டியைத் திருப்பி எங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ராஜா வீட்டுக் கார் கதவு திறந்தபடி, என்ஜின் ஓடியபடி, நடுரோட்டில் நின்றது.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் சின்ன வயதுக்காரர். அவளைப் பார்த்துவிட்டு, எங்கள் இரண்டு பேர் கண்களையும் பார்த்துவிட்டு, ஹிந்தியில் முதல் கேள்வியாகக் கேட்டார். "கமரே மே அங்கீட்டி ஜலாயீ தீ க்யா?" அறைக்குள் கரி அடுப்பு வைத்திருந்தீர்களா என்று. இவருக்குக் கோபம் வந்துவிட்டது. என்ன கேள்வி இது, நாங்கள் காரில் வந்துகொண்டிருந்தோம், படித்தவர்கள் நாங்கள் என்று ஆரம்பித்தார். டாக்டர் பொறுமையாக, எந்தக் கார், கண்ணாடி திறந்திருந்ததா, மூடியிருந்ததா என்று கேட்டார். எல்லாம் மூடித்தான் இருந்தது, காற்றே புகாது என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். என் பக்கம் திரும்பித் தமிழில், "பின்னால ஜிப்பு" என்றார். சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். அந்த நிமிஷம் இவர் மேல் எனக்கு வந்த வெறுப்பை நான் மறைக்கப் போவதில்லை. அதே நிமிஷம் பாவமாகவும் இருந்தது. இரண்டும் சேர்ந்தே வந்தன.

அவள் தேறினாள். அந்த வருஷப் பரீட்சையை விட்டுவிட்டாள், அடுத்த வருஷம் எழுதினாள். முன்பு போலப் படக்கென்று பதில் சொல்கிற பெண்ணாக ஆவதற்கு வெகு நாள் பிடித்தது. இப்போது அவளுக்கென்று ஒரு வீடு, ஒரு வேலை இருக்கிறது. இதெல்லாம் பிறகு தெரிந்த விஷயங்கள். அன்று எங்களுக்கு ஒன்றும் தெரியாது. ரத்தத்தில் காற்று ஏற வேண்டிய இடத்தையெல்லாம் புகை பிடித்துக்கொண்டுவிட்டது, ஆக்ஸிஜன் வைத்திருக்கிறோம், மூளைக்கு எவ்வளவு சேதம் என்பது போகப் போகத்தான் தெரியும் என்று மட்டும் டாக்டர் சொல்லியிருந்தார்.

மத்தியானம் கண்ணைத் திறந்தாள். நான் கட்டிலின் ஒரு பக்கம், இவர் மறுபக்கம். அவள் முதலில் பார்த்தது இவரைத்தான். முகத்தில் மாட்டியிருந்த மாஸ்குக்குள் உதடு அசைந்தது. நர்ஸ் அதைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தாள்.

"அப்பா, நான் தூங்கல" என்றாள். "சத்தியமா தூங்கல. கேள்வி கேளுங்க."

இவர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் கேரளத்துப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவாள். "கேளுங்க சார். ஈஸியா எதாவது கேளுங்க. பேசவச்சிட்டே இருக்கணும்" என்றாள்.

"ஒம்பதெட்டு எத்தன?" என்று கேட்டார்.

அவள் கூரையைப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. வெகு நேரம் யோசித்தாள். எங்கேயோ தொலைவில் இருப்பதை இழுத்து வருகிற மாதிரி இருந்தது.

"அறுபத்தி மூணு."

நான் இவரைப் பார்த்தேன். குனிந்து அவள் நெற்றியில் கையை வைத்தார்.

"கரெக்டும்மா" என்றார். பிறகு அடுத்த கேள்வியைக் கேட்டார்.